தம்பியோட ஃபுட்பால் அகாடமி ஃபீஸ் கட்டுறீங்களா? ‘ரிலீஸ்’ ஆகுற நாளுக்கும் சேர்த்து பட்ஜெட் போடுங்க



வேலை போனா என்ன பண்றது, எமர்ஜென்சி ஃபண்ட் எவ்வளவு வேணும், நோட்டீஸ் பீரியட்ல எப்படிப் பேசுறதுன்னு நம்ம சேனல்ல நிறையவே பார்த்திருக்கோம். இன்னிக்குப் பேசப்போறதும் வேலை போறதைப் பத்திதான். ஆனா போறது 17 வயசுப் பையனுக்கு. அவன் கையில சம்பள ஸ்லிப் கிடையாது, பிஎஃப் கிடையாது, அனுபவச் சான்றிதழும் கிடையாது. சின்ன வயசுல இருந்து விடியக்காலையில எந்திரிச்சு கிரவுண்டுக்கு ஓடினது மட்டும்தான் இருக்கு. ஒருநாள் கோச் கூப்பிட்டு, “அடுத்த சீசனுக்கு நீ இல்லப்பா”ன்னு சொல்லிடுவார். ஃபுட்பால்ல இதுக்குப் பேரு ‘ரிலீஸ்’.

“நான் ஐடில இருக்கேன், இது எனக்கு எதுக்கு?”ன்னு நீங்க கேட்கலாம். பல வீடுகள்ல அந்தப் பையனுக்கு மாசாமாசம் ஜிபே பண்றது நீங்கதானே!

மயிலாடும்பாறையை எடுத்துக்கோங்க. தேனியில இருந்து கண்டமனூர், கடமலைக்குண்டு தாண்டிப் போகணும். தென்னை, இலவம்பஞ்சு, மூல வைகையில தண்ணி வந்தா விவசாயம். அப்படி ஒரு ஊர்ல, வீட்டோட முதல் மாசச் சம்பளக்காரர் பெரும்பாலும் அண்ணனோ அக்காவோதான். வேலை சென்னையிலயோ, கோயம்புத்தூர்லயோ, பெங்களூர்லயோ இருக்கும். தம்பி ஸ்கூல் டீம்ல நல்லா ஆடுறான். பி.டி. வாத்தியார் “இவனை நல்ல அகாடமியா பார்த்து சேர்த்து விடுங்க”ன்னு சொல்றார். அப்பா உடனே உங்களுக்குத்தான் போன் போடுவார். எந்த அகாடமின்னு முடிவு எடுக்குறதும் நீங்க, பணம் கட்டுறதும் நீங்க. அப்போ, அவன் வெளியே வர்ற நாளுக்கும் திட்டம் உங்ககிட்டதான் இருக்கணும்.

அகாடமி கணக்கு எப்படி ஓடுது?

முதல்ல இங்கிலாந்தைப் பார்ப்போம். உலகத்துலயே பணம் புரள்ற லீக் அங்கதான் இருக்கு. மைக்கேல் கால்வின்ங்கிற விளையாட்டு எழுத்தாளர் 2017-ல வந்த தன்னோட புத்தகத்துல ஒரு கணக்கு சொல்றார். இங்கிலாந்துல எந்த நேரத்துலயும் சுமார் 15 லட்சம் பசங்க முறையான இளையோர் ஃபுட்பால் ஆடிட்டு இருக்காங்க. அதுல பிரீமியர் லீக் வீரரா வர்றது சுமார் 180 பேர். அதாவது 0.012%. பத்தாயிரம் பசங்களுக்கு ஒருத்தர்னு வச்சுக்கோங்க.

இது பசங்களோட திறமைக் குறைவால வர்ற எண்ணிக்கை கிடையாது. அமைப்பே அப்படித்தான். வயசு ஏற ஏற ஒவ்வொரு பிரிவுலயும் இடம் குறையும். நம்ம ஊர்லயும் ஏஐஎஃப்எஃப் நடத்துற யூத் லீக் வயசு வாரியா பிரிஞ்சுதான் இருக்கு. 17-ஐத் தாண்டினதும் கதவு ரொம்பவே சுருங்கிடும். ஒரு கிளப்போட சீனியர் டீம்ல வருஷத்துக்கு ரெண்டு மூணு இடம் காலியானாலே பெரிய விஷயம்.

கிளப்புக்கு இது ஒரு முதலீடு. இருபது பசங்களை வளர்த்து அதுல ஒருத்தன் பெரிய ஆளா வந்தா, மத்தவங்களுக்குச் செஞ்ச செலவு அவனை வித்து வந்துடும். ஒரு வீரர் வெளிநாட்டு கிளப்புக்குக் காசுக்குப் போனா, அவரை 12-ல இருந்து 23 வயசு வரைக்கும் வளர்த்த கிளப்புகளுக்கு டிரான்ஸ்ஃபர் தொகையில 5% பிரிச்சுக் குடுக்கணும்னு ஃபிஃபா விதியே இருக்கு. நம்ம மியூச்சுவல் ஃபண்ட்ல பல பங்குகளைப் பரவலா வச்சிருப்போமே, அந்த மாதிரிதான். கிளப்புக்குத் தம்பி இருபது பங்குல ஒண்ணு. உங்க வீட்டுக்கு அவன் ஒருத்தன்தான். ரிஸ்க் யாருக்கு அதிகம்னு இப்பவே தெரிஞ்சிருக்கும்.

ரெண்டு வகை அகாடமி இருக்கு. ரெண்டாவதுதான் கொஞ்சம் ஆபத்து

முதல் வகையில அவங்க நம்ம பையன் மேல செலவு பண்ணுவாங்க. ஜாம்ஷெட்பூர்ல 1987-ல ஆரம்பிச்ச டாடா ஃபுட்பால் அகாடமி இந்த வகை. நம்ம தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தோட விளையாட்டு விடுதிகளையும் இதுல சேர்க்கலாம். தேர்வுல ஜெயிச்சா தங்குறது, சாப்பாடு, பயிற்சி எல்லாம் அரசு செலவு. பக்கத்துலயே பள்ளிக்கூடமும் போகலாம். இங்க எல்லாம் இடம் குறைவு. சரியா வரலைன்னா வெளிய அனுப்பிடுவாங்க. அது வலிக்கும். ஆனா பதில் தெளிவா வந்துடும்.

ரெண்டாவது வகையில நாம அவங்களுக்குப் பணம் கட்டணும். பெரிய கிளப் பேர்ல நடக்குற கட்டணப் பயிற்சி மையங்கள்ல இருந்து, டர்ஃப் வாடகைக்கு எடுத்து நடத்துறவங்க வரைக்கும் நிறைய பேர் இருக்காங்க. இதுல நல்ல கோச்சுங்களும் இருக்காங்க, மறுக்கல. ஆனா வருமானம் எங்க இருந்து வருதுன்னு பாருங்க. ஃபீஸ் வர்ற வரைக்கும் பையனை வெளிய அனுப்ப அவங்களுக்குக் காரணமே கிடையாது. “இன்னும் ஒரு வருஷம் பாக்கலாம் சார், நல்ல முன்னேற்றம் தெரியுது”ன்னு சொல்லிட்டே இருக்கலாம். இங்க ரிலீஸ் லெட்டரே வராது. ஒருநாள் பையனுக்கு 20 வயசு ஆகியிருக்கும், அவ்வளவுதான்.

அதனால பணம் கட்டுற அகாடமில சேர்க்கிறீங்கன்னா, ‘எப்போ நிறுத்துறது’ங்கிற தேதியை நீங்கதான் எழுதி வைக்கணும். உதாரணத்துக்கு, 15 வயசுக்குள்ள மாவட்ட அணி, 17 வயசுக்குள்ள மாநில அணித் தேர்வு இல்லன்னா ஏதாவது ஒரு கிளப்போட இலவச இடம். இது ரெண்டும் நடக்கலைன்னா ஃபுட்பாலை விட வேண்டாம். ஃபீஸ் கட்டுறதை மட்டும் விடுங்க. இதைத் தம்பிகிட்ட ஆரம்பத்துலயே உக்காந்து பேசிடுங்க. நடுவுல திடீர்னு சொன்னா, அண்ணன் நம்மளைக் கைவிட்டுட்டான்னு அவனுக்குத் தோணும்.

வெளியே வந்ததும் என்ன நடக்குது?

நமக்கு வேலை போனா லிங்க்ட்இன்ல போடுவோம், பழைய மேனேஜருக்கு மெசேஜ் பண்ணுவோம். அந்தப் பையனுக்கு அப்படி ஒரு வழி இல்ல. அவனுக்கு இருந்த ஒரே அடையாளம் ‘ஃபுட்பால் பிளேயர்’. ஹாஸ்டல், நண்பர்கள், சாப்பாட்டு நேரம், தூங்குற நேரம் எல்லாமே அந்த அகாடமியோட ஓடினது. எல்லாம் ஒரே நாள்ல நின்னுடும்.

ஊருக்கு வந்தா டீக்கடையில மாமா ஒருத்தர் கேப்பார்: “என்ன மாப்ள, இப்ப எந்த டீம்ல ஆடுற? டிவில எப்ப வருவ?” அவர் பாசமாத்தான் கேக்குறார். ஆனா அந்தக் கேள்விக்குப் பயந்தே பையன் வீட்டை விட்டு வெளிய வராம இருப்பான். போன்ல பழைய டீம் பசங்க ஸ்டேட்டஸைப் பாத்துக்கிட்டே இருப்பான். வீட்ல இருக்குறவங்க “சரி விடு, போய் படி”ன்னு சொல்லிட்டு அடுத்த வேலையைப் பாக்கப் போயிடுவாங்க.

இங்கிலாந்துலயே இதை ரொம்ப நாள் யாரும் கண்டுக்கல. காயத்துக்கு அப்புறம் ஒரு பெரிய கிளப் அகாடமியில இருந்து வெளியேறின 18 வயசு இளைஞரோட மரணம் 2020-ல அந்த நாட்டையே பேச வச்சது. 2022-ல கிரிஸ்டல் பேலஸ் கிளப், அகாடமியில இருந்து வெளியேறுற இளைஞர்களுக்கு மூணு வருஷம் வரைக்கும் துணை நிக்கிற திட்டம் ஒண்ணை அறிவிச்சது. இவங்களைக் கவனிக்கவே தனியா ஒரு ஆள் போட்டாங்க. படிப்பு, வேலை, வேற கிளப், மனநிலைன்னு எல்லாத்தையும் அவர் விசாரிப்பார்.

நம்ம வீட்டுல அந்த வேலையைப் பாக்கப் போறது அண்ணன், அக்காதான். முதல் ரெண்டு மாசம் அவனைத் தனியா விடாதீங்க. முடிஞ்சா உங்க ரூமுக்குக் கூட்டிட்டு வந்து பத்து நாள் வச்சுக்கோங்க. ‘ஏன் எடுக்கல?’ன்னு திரும்பத் திரும்பக் கேக்காதீங்க. அவன் சரியாத் தூங்கல, சாப்பிடல, ‘நான் எதுக்கும் லாயக்கில்ல’ன்னு பேசுறான்னா லேசா எடுத்துக்காதீங்க. மத்திய அரசோட டெலி மானஸ் எண் 14416, இலவசம், தமிழ்லயும் பேசலாம். இப்பவே போன்ல சேவ் பண்ணி வச்சுக்கோங்க.

ஜெயிச்சவங்க கதையில நாம விட்டுடுற பகுதி

இந்தப் பேச்சு வந்தாலே எல்லாரும் ஜேமி வார்டி வீடியோவை ஷேர் பண்ணுவாங்க. 16 வயசுல ஷெஃபீல்ட் வெனஸ்டே கிளப் அவரை வெளிய அனுப்பிச்சது. உயரம் பத்தலைன்னாங்க. 2012-ல லெஸ்டர் அவரைப் பத்து லட்சம் பவுண்டுக்கு வாங்கினது. 2016-ல பிரீமியர் லீக் சாம்பியன். கேக்கவே புல்லரிக்கும்.

ஆனா நடுவுல என்ன பண்ணினார்? மருத்துவத்துக்குப் பயன்படுற ஸ்ப்ளிண்ட் தயாரிக்கிற ஃபேக்டரில வேலை. ஸ்டாக்ஸ்பிரிட்ஜ்ங்கிற சின்ன கிளப்ல வாரத்துக்கு 30 பவுண்டுக்கு ஆட்டம். ஃபேக்டரி சம்பளம் இருந்ததாலதான் அந்த 30 பவுண்டு ஆட்டத்தை அவரால தொடர முடிஞ்சது. அதோட, அதே மாதிரி வேலைக்குப் போய்க்கிட்டே ஆடி, கடைசி வரைக்கும் பெரிய கிளப்புக்குப் போகாதவங்க எத்தனையோ பேர். அவங்களைப் பத்தி வீடியோ வராது. ஷேர் மார்க்கெட்ல ஒரே பங்குல கோடீஸ்வரர் ஆனவரைக் காட்டி, “நீயும் எல்லாப் பணத்தையும் போடு”ன்னு யாராவது சொன்னா நாம சிரிப்போம்ல? இதுவும் அப்படித்தான்.

நம்ம பக்கத்துல பாருங்க. தேனிக்காரங்களுக்குக் கம்பம்மெட்டு ஏறி இறங்கினா கேரளா. அங்க ஐ.எம். விஜயன், இந்தியா பார்த்த பெரிய ஸ்ட்ரைக்கர்கள்ல ஒருத்தர். திருச்சூர் ஸ்டேடியத்துல சோடா வித்த பையன். 2025-ல பத்மஸ்ரீ வாங்கினார். அதே வருஷம் அவர் ஓய்வு பெற்றது எங்க இருந்து தெரியுமா? கேரளா போலீஸ்ல இருந்து, டெபுடி கமாண்டன்ட்டா.

மதுரை சேது எஃப்சி 2018-19 சீசன்ல இந்திய மகளிர் லீக் கோப்பையை ஜெயிச்சப்போ அந்த அணியில ஆடினவங்க கடலூர்ப் பொண்ணு இந்துமதி கதிரேசன். இந்திய அணி வீராங்கனை. அவங்க தமிழ்நாடு போலீஸ்ல சப்-இன்ஸ்பெக்டர். கொரோனா லாக்டவுன்ல சென்னை ரோட்டுல டியூட்டி பார்த்துட்டு, அப்புறம் இந்திய அணிக்கே திரும்பி ஆடினாங்க.

உச்சிக்குப் போனவங்களே இன்னொரு காலை உறுதியா ஊனி வச்சிருந்தாங்க. ஏன்னா உச்சியிலயும் நிலைமை அப்படி. உலக வீரர்கள் சங்கமான ஃபிஃப்ப்ரோ 2016-ல சுமார் 14,000 வீரர்கள்கிட்ட நடத்தின ஆய்வுல, 45%-க்கும் மேலானவங்க மாசம் ஆயிரம் டாலருக்குக் கீழதான் சம்பாதிச்சாங்க. 41% பேருக்கு முந்தின ரெண்டு வருஷத்துல சம்பளம் தாமதமாகியிருந்துச்சு. நம்ம ஐஎஸ்எல் கதை உங்களுக்கே தெரியும். 2025 ஜூலையில சீசனை நிறுத்தி வச்சாங்க. ஆகஸ்ட்ல பெங்களூரு எஃப்சி முதல் அணி வீரர்கள், ஊழியர்கள் சம்பளத்தை நிறுத்தி வைக்கிறதா அறிவிச்சது. சென்னையின் எஃப்சி-யும் செயல்பாடுகளை நிறுத்தி வச்சது. ரிலீஸ் ஆகாதவங்களுக்கே இதுதான் நிலைமை.

இப்போ கணக்குக்கு வருவோம்

ஒரு உதாரணம். மயிலாடும்பாறை அண்ணன் ஒருத்தர், சென்னையில வேலை, கைக்கு வர்ற சம்பளம் 35,000 ரூபாய். வாடகை, சாப்பாடு, பஸ் எல்லாம் 18,000. தம்பிக்கு அகாடமி, ஹாஸ்டல் ஃபீஸ் 12,000. பூட்ஸ், பயணம், இதர செலவு 3,000. மிச்சம் 2,000.

சம்பளத்துல 43% தம்பிக்கே போகுது. அஞ்சு வருஷத்துல மொத்தம் 9 லட்சம். இதுல அண்ணனுக்கு எமர்ஜென்சி ஃபண்ட் இல்ல, அப்பா அம்மாவுக்கு மருத்துவச் செலவு வந்தா பணம் இல்ல. அப்புறம் நகைக்கடன்தான். தம்பி ரிலீஸ் ஆகி வர்றப்போ, அவனுக்குப் படிப்புக்குக் கட்டவும் கையில ஒண்ணும் இருக்காது.

நான் சொல்ற வழி இது:

1. தம்பியோட ஃபுட்பாலுக்குச் சம்பளத்துல 20%-க்கு மேல போகாதீங்க. 35,000 சம்பளத்துக்கு 7,000. ஃபீஸ் அதுக்குள்ள அடங்கலைன்னா அந்த அகாடமி நமக்கு இல்ல. அரசு விடுதி, இலவசத் தேர்வு, பக்கத்து ஊர் கோச்னு வேற வழி பாருங்க.

2. அந்த 7,000-ல 5,000 பயிற்சிக்கு. 2,000 ‘ரிலீஸ் ஃபண்ட்’டுக்கு. போஸ்ட் ஆபீஸ் ஆர்டியில 6.7% வட்டிக்கு அஞ்சு வருஷம் போட்டா, கட்டுனது 1,20,000, கைக்கு வர்றது சுமார் 1.42 லட்சம். அஞ்சு வருஷப் பணம்கிறதால ஈக்விட்டி எஸ்ஐபி வேண்டாம். ரிலீஸ் ஆகுற நேரமும் மார்க்கெட் விழுற நேரமும் ஒண்ணா வந்தா கஷ்டம்.

3. தங்க நகையை வச்சோ, பர்சனல் லோன் எடுத்தோ ஃபீஸ் கட்டாதீங்க. கடன் இருந்தா, ‘இவ்வளவு போட்டாச்சே, இன்னும் ஒரு வருஷம் பாப்போம்’னு மனசு இழுக்கும். போன பணம் போனதுதான். அடுத்த வருஷ ஃபீஸை அடுத்த வருஷ வாய்ப்பை வச்சு மட்டும் முடிவு பண்ணுங்க.

4. ஆபீஸ் குரூப் இன்சூரன்ஸ்ல தம்பி இருக்கானான்னு பாருங்க. பெரும்பாலும் மனைவி, குழந்தைகள், பெற்றோரோட நின்னுடும். முழங்கால் லிகமென்ட் கிழிஞ்சா ஆபரேஷன் செலவு பெருசு. அவனுக்குத் தனி பாலிசி எடுங்க, விளையாட்டுக் காயத்துக்கு என்ன விதின்னு படிச்சுட்டு எடுங்க.

5. தம்பி ஃபீஸுக்கு 80சி விலக்கு கிடைக்காது. அது சொந்தக் குழந்தைகளோட டியூஷன் ஃபீஸுக்கு மட்டும்தான். இதை நம்பி டேக்ஸ் கணக்கு போடாதீங்க.

பணத்தை விட முக்கியமான ஒரு ஃபைல்

ரிலீஸ் ஆன பிறகு சமாளிச்சு வர்ற பசங்ககிட்ட இருக்குற பெரிய சொத்து சான்றிதழ். மத்திய அரசு விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைகளுக்குக் கேக்குறது எது தெரியுமா? நாட்டுக்காகவோ மாநிலத்துக்காகவோ ஆடினது, பல்கலைக்கழகத்துக்காக ஆடினது, மாநிலப் பள்ளி அணிக்காக தேசியப் பள்ளி விளையாட்டுல ஆடினது. ஒவ்வொண்ணுக்கும் தனி படிவம் இருக்கு, கையெழுத்துப் போட வேண்டிய அதிகாரியும் வேற வேற.

தனியார் அகாடமி சார்பா அம்பது டோர்னமென்ட் ஆடி, அலமாரி முழுக்கக் கப்பு வச்சிருந்தாலும், இந்தப் பட்டியல்ல ஒண்ணு கூட இல்லன்னா அந்தக் கப்புக்கு இங்க மதிப்பு இல்ல. சில அகாடமிகள் “ஸ்கூல் மேட்ச்சுக்கெல்லாம் போக வேண்டாம்”னு தடுக்கும். சேர்க்கும்போதே கேளுங்க: “மாவட்ட, மாநிலப் பள்ளிப் போட்டிகளுக்குப் பையனை அனுப்புவீங்களா?” பதில் சரியில்லன்னா யோசிங்க.

தமிழ்நாடு அரசு வேலையில விளையாட்டு வீரர்களுக்கு 3% ஒதுக்கீடு இருக்கு. இன்ஜினியரிங் கவுன்சிலிங்ல விளையாட்டுப் பிரிவுக்கு 500 இடம். எந்தப் போட்டி, எந்த வருஷச் சான்றிதழ் செல்லும்னு அந்தந்த வருஷ அறிவிப்புல பாத்துக்கணும். ஒரு ஃபைல் போட்டு ஒரிஜினல், ஸ்கேன் ரெண்டும் வைங்க. போட்டி முடிஞ்ச வாரமே கையெழுத்து வாங்குங்க. மூணு வருஷம் கழிச்சு அந்த அதிகாரி மாறியிருப்பார்.

வெளியே வந்த பிறகு இருக்குற வழிகள்

*காலேஜ்:* பன்னிரண்டாவது முடிச்சிருந்தாத்தான் இந்தக் கதவு திறக்கும். ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல ஃபீஸ் சலுகை குடுக்குற காலேஜ் நிறைய இருக்கு. பல்கலைக்கழக அணியில ஆடினா மேல சொன்ன சான்றிதழும் வரும். அதனால அகாடமி போனாலும் பள்ளிப் படிப்பை விடவே கூடாது.

*டிபார்ட்மென்ட் டீம்:* இந்தியன் வங்கி, தெற்கு ரயில்வே, ஐசிஎஃப்னு சென்னை லீக்ல ஆடின அலுவலக அணிகளுக்கு நீண்ட வரலாறு உண்டு. வேலையும் ஆட்டமும் ஒண்ணா. இப்போ வாய்ப்பு குறைஞ்சிருக்கு, ஆனா அறிவிப்பு வருது. கவனிச்சுக்கிட்டே இருக்கணும்.

*பயிற்சியாளர், உடற்கல்வி:* ஏஐஎஃப்எஃப் கோச்சிங் லைசன்ஸ் ‘டி’, ‘சி’, ‘பி’, ‘ஏ’ன்னு படிப்படியா மேல போகும். மேலக்கோட்டையூர்ல தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் இருக்கு. பி.டி. வாத்தியார் ஆகணும்னா பி.பி.எட். வேணும். ரிலீஸ் ஃபண்ட் இதுக்குத்தான் உதவும்.

*செவன்ஸ்:* மலப்புறம் பக்கம் சீசன்ல ஒரு ஆட்டத்துக்கு இவ்வளவுன்னு கையில காசு. பசங்களுக்கு இது பெரிய ஈர்ப்பு. தப்பு இல்ல, ஆனா காயம் பட்டா யாரும் பொறுப்பு இல்ல, சீசன் முடிஞ்சா வருமானம் இல்ல. படிப்போடயோ வேலையோடயோ சேர்த்துச் செய்யட்டும். வர்ற காசுல பாதியை அன்னிக்கே அக்கவுன்ட்ல போடச் சொல்லுங்க.

*சாதாரண வேலை:* இதைச் சொல்லவே பல வீட்ல கூச்சப்படுறாங்க. டெலிவரி, ஷோரூம், கம்பெனி வேலை எதுவா இருந்தாலும் சரி, ஆறு மாசம் ஒரு சம்பளம் கைக்கு வந்தா பையன் நிமிர்ந்து நடப்பான். ஞாயித்துக்கிழமை ஆட்டத்துக்கு யாரும் தடை போடல.

இந்த வாரம் செய்ய வேண்டியது

இன்னிக்கு ராத்திரி தம்பிக்கு ஒரு போன் போடுங்க. “எத்தனை கோல் அடிச்ச?”ன்னு ஆரம்பிக்க வேண்டாம். “மாவட்டப் போட்டி சான்றிதழ் யார்கிட்ட இருக்கு? பன்னிரண்டாவது பரீட்சைக்கு என்ன ஏற்பாடு?”ன்னு கேளுங்க. பதில் வரலைன்னா அடுத்த தடவை ஊருக்குப் போறப்போ அகாடமிக்கும் ஒரு எட்டு போயிட்டு வாங்க. திங்கக்கிழமை அந்த 2,000 ரூபாய் ஆர்டியை ஆரம்பிச்சுடுங்க.

அவன் பெரிய கிளப்ல ஆடினா, அந்தப் பணம் அவனோட முதல் சேமிப்பா இருக்கட்டும். ஆடலைன்னா அடுத்த படிப்புக்கு முதல் செமஸ்டர் ஃபீஸ் ரெடி.